நாலு லீற்றரில் ஒரு கிழமை: பெற்றோல் தட்டுப்பாட்டில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

2022 ஓகஸ்டில் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். இறங்கிய மறுநாள் காலை, பருத்தித்துறையில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கவேண்டும் என்றேன். மச்சான் உடனே பதில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினார். டாங்கியில் காதை வைத்தார். உள்ளே 'சளக், சளக்' என்று மெலிதாகக் கேட்டது.

"போயிட்டு வரலாம். ஆனா இந்தக் கிழமை முடியுமட்டும் வேறை எங்கையும் கேக்காதை" என்றார்.

அப்போது இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பாடு; மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, 4 லீற்றர்தான் பங்கு. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் மொத்தம் 180 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போய் வர ஏறக்குறைய 70. பிள்ளைகளின் ரியூசன், கந்தோர், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்குமான பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் என் ஒரு காலை நேரத்தில் போய்விடும். அந்த 4 லீற்றரின் விலை 1,800 ரூபாய், அன்றைய நாணய மாற்றில் 5 அமெரிக்க டொலர். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு அது இரண்டு கோப்பிக் காசு. அதனால்தான் விஷயம் சட்டென்று தலைக்குள் ஏறுவதில்லை. கையில் காசு இருந்தது. ஊரில் எண்ணெய் இல்லை. நான் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றரும் வேறு ஒருவருடைய பங்கிலிருந்து கழிந்தது.

வாகனத்துக்கு ஒரு கியூஆர் குறியீடு கொடுத்து, அதைக் காட்டினால் மட்டும் பங்கை அளந்து அடிக்கும் கியூஆர் முறை 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி நிறுத்தப்பட்டது. ஆனாலும் 2025 பெப்ரவரி கடைசியில், தரகுப் பணப் பிரச்சினையால் செட்காரர்கள், அதாவது பெற்றோல் நிலையம் நடத்துகிறவர்கள், எண்ணெய் எடுக்கமாட்டோம் என்று சொன்னதுமே நாடெங்கும் மறுபடி வரிசை. கப்பல் வராவிட்டாலும் வரிசை வரும், வதந்தி வந்தாலும் வரிசை வரும். ரிக்கெற் போட்டுவிட்டு இருக்கும் நேரத்தில் அப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால், பயணத்தை நிறுத்தவேண்டியதில்லை. ஓட்டத்தை மட்டும் மாற்றிப் போடவேண்டும்.

பங்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்

வீட்டுக்குப் போன் எடுத்தால் "வாங்கோ, எல்லாம் பாக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். விருந்தாளியிடம் வேறு எப்படிச் சொல்வது? ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இப்போது மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை லீற்றர், ஓட்டோவுக்கு எத்தனை, வானுக்கு எத்தனை, எந்த நாளில் அடிக்கலாம்?

2022இல் அது இப்படி இருந்தது. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். யூலையில் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் பிரித்தார்கள். ஓகஸ்ட் 1 முதல் கியூஆர் மட்டும்: மோட்டார் சைக்கிள் 4, ஓட்டோ 5, கார், வான் 20, பஸ் 40 லீற்றர். 2023 ஏப்ரலில்தான் மோட்டார் சைக்கிளுக்கு 7 ஆனது. விதி ஒரு மாதத்துக்குள் இரண்டு தரம் மாறியிருக்கிறது, கவனியுங்கள். சித்திரையில் போய் வந்தவர் சொன்னதை நம்பி ஆடியில் போகக்கூடாது.

விலையும் அப்படித்தான். 2021 முடிவில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, யூன் கடைசியில் 470 என்று ஏறி, யூலை நடுவில் 450க்கு இறங்கியது. அதே காலத்தில் டொலரும் 200இலிருந்து 360 வரை போனது. நம்முடைய பக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரூபாயில் சம்பளம் எடுத்தவருக்கு எண்ணெய் இரண்டரை மடங்கு ஆகியிருந்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஊருக்கு

நம்மவர்களின் வழக்கம் தெரியும்தானே. ஊரிலிருந்து வான் வரும், உறவுக்காரர் நாலு பேர் அதில் வருவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள். தட்டுப்பாட்டில் முதலில் கைவிடவேண்டியது இதைத்தான். வானுக்கு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வையுங்கள். யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் முன்பின். வந்து போக 80 லீற்றர். டீசல் 430 ரூபாய் விற்ற அந்த ஓகஸ்டில் எண்ணெய்க் காசு மட்டும் 34,400. காசைக்கூட விடுங்கள், 80 லீற்றர் என்பது அந்த வானின் நாலு கிழமைப் பங்கு. அப்படியும் ஒருவர் வருகிறேன் என்று சொன்னால், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அந்த வருசம் கறுப்புச் சந்தையில் லீற்றர் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்றது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று கான் கொண்டுவருகிறவருக்கே தெரியாது. வவுனியா தாண்டி நடு இரவில் எஞ்சின் இருமத் தொடங்கினால், பிள்ளைகுட்டியோடு றோட்டோரம் இருக்கவேண்டியதுதான்.

ரயிலில் சீற் கிடைத்தால் ரயிலே நல்லது. பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும்; திருவிழாக் காலத்தில் திறந்த வேகத்திலேயே முடிந்துவிடும். அதனால் விமான ரிக்கெற் போட்ட அன்றே ரயில் நாளையும் கலண்டரில் குறித்துவிடுங்கள். வடபாதையில் வேலை நடந்ததால் ரயில் பாதியில் நின்ற காலங்களும் உண்டு. புறப்பட முன் காங்கேசன்துறை வரைக்கும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீற் இல்லாவிட்டால் இரவு பஸ். கொழும்பிலிருந்து புத்தளம் வழியாகப் போகும் பஸ்கள் நீர்கொழும்புப் பக்கமாகத்தான் வரும். முதலே பேசி வைத்தால் வழியில் ஏற்றிக்கொள்வார்கள். கொழும்புக்குள் போய்த் திரும்ப வரத் தேவையில்லை. ஒரே ஒரு சிக்கல் பெட்டி. ஆளுக்கு இரண்டு பெரிய சூட்கேஸ் என்றால் கொண்டக்டர் முகம் மாறும். ஒன்றோடு போங்கள்.

சென்னை வழியாக வரக்கூடியவர்களுக்குப் பலாலி இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து யாழ் நகரம் ஓட்டோத் தூரம்தான். 400 கிலோமீற்றர் றோட்டே மிச்சம். தட்டுப்பாட்டுக் காலத்தில் ரிக்கெற் கொஞ்சம் கூடினாலும் நான் இதைத்தான் தெரிவுசெய்வேன்.

ஓட்டோக்காரரின் 5 லீற்றர்

ஊருக்குள் வந்தபின் எல்லோரும் முறைப்படுவது ஓட்டோக் காசைப் பற்றித்தான். "வெளிநாடு எண்டு கண்டதும் உரிக்கிறாங்கள்." நானும் சொன்னவன்தான். பிறகு ஒருநாள் வழமையாக வரும் தம்பியோடு செட்டுக்குப் போனேன். காலை ஐந்தரைக்கே முன்னால் நாற்பது ஓட்டோ. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளித் தள்ளித்தான் வரிசை நகர்ந்தது. திறப்போடு சேர்த்து, லமினேற் பண்ணிய கியூஆர் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். போன் சார்ஜ் போய்விட்டால் என்ன செய்வது? எட்டே முக்காலுக்கு முறை வந்தது. மீற்றர் 5.00இல் நின்றது, 2,250 ரூபாய். பையன் குழாயை எடுக்கப் போனான். "கொஞ்சம் தூக்கிப் பிடியடா தம்பி" என்றார் இவர். கடைசிச் சொட்டு விழுந்தபின்தான் மூடியைத் திருகினார்.

லீற்றருக்கு 22 கிலோமீற்றர் என்றால் அது 110 கிலோமீற்றர். ஒரு கிழமைக்கு. ஆளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புவது பாதி. மிச்சம் 55 கிலோமீற்றருக்கு நூறு நூறு ரூபாய் வாங்கினால் 5,500. எண்ணெய்க் காசு கழித்தால் 3,250. அதில் ஒரு குடும்பம் ஏழு நாள் சாப்பிடவேண்டும். அன்றிலிருந்து நான் பேரம் பேசவில்லை.

ஆனால் கேட்டதைக் கொடுத்துவிட்டு இஷ்டத்துக்கு ஓடுவதும் சரியில்லை. நான் செய்தது இதுதான்: ஒரே ஓட்டோக்காரரைப் பிடித்து, கிழமையின் தொடக்கத்திலேயே எந்தெந்த நாள் எங்கே என்று சொல்லி, மொத்தமாகக் காசு பேசினேன். சாவகச்சேரிப் பக்கத்து மூன்று வீடுகளையும் ஒரே நாளில் முடித்தோம். வீட்டுக்கு வீடு "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்பார்கள், மறுக்க முடியாது. அந்த நேரம் அவர் சும்மா நிற்பதற்கும் பேசிய காசில் இடம் வையுங்கள். பருத்தித்துறைக்கு ஓட்டோ வேண்டவே வேண்டாம். போய் வந்தால் அவருடைய கிழமையில் அரைவாசிக்கு மேல் காலி.

பஸ்ஸும் சைக்கிளும்

பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ் இருக்கிறது. பஸ்ஸின் குறைந்த கட்டணம் 2022 மேயில் 32, யூலையில் 40, ஓகஸ்டில் 34 என்று ஏறி இறங்கியது; எப்படிப் பார்த்தாலும் மலிவு இதுதான். இ.போ.ச. என்ற அரச போக்குவரத்துச் சபையின் டிப்போவில் சொந்த எண்ணெய்த் தாங்கி இருப்பதால், தனியார் பஸ் குறைந்த நாளிலும் அதன் சிவப்பு பஸ்ஸை நம்பலாம். சில்லறை வைத்திருங்கள். 5,000 ரூபாய்த் தாளை நீட்டி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

நகரத்துக்குள் என்றால் சைக்கிள். 1990களின் பொருளாதாரத் தடையில், மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடிய மோட்டார் சைக்கிளையும், சொட்டுப் பெற்றோலை விட்டு அதை ஸ்டார்ட் பண்ணியதையும் கண்ட ஊர் இது. இடம்பெயர்ந்தபோது வீட்டையே சைக்கிளில் கட்டிக்கொண்டு போன சனம். ஆகவே கனடாவிலிருந்து வந்தவர் சைக்கிள் உழக்குகிறாரே என்று யாரும் பார்க்கமாட்டார்கள். புதுச் சைக்கிள் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். 2022இல் விலை தாறுமாறாக ஏறியது. அனேகமாக எல்லா வீட்டுக் கொட்டிலிலும் பழைய லுமாலா ஒன்று நிற்கும். ரியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய் மூன்றையும் பாருங்கள், போதும். ஆசனத்தை உயர்த்த மறக்காதீர்கள். எனக்கு இரண்டாம் நாள் முழங்கால் நொந்தபின்தான் அது புரிந்தது.

தூரம் போக ஆசை வந்தால் காற்றைப் பாருங்கள். ஆவணியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்குப் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் சுகமாக இருக்கும். திரும்பும்போது வல்லை வெளியில் மரமும் இல்லை, மறைப்பும் இல்லை. உழக்க உழக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு நெல்லியடியோடு ஆசை அடங்கிவிட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு உறவுக்காரரின் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். உள்நாட்டு அனுமதி எடுத்திருக்கவேண்டும். வீட்டுக்குள் கானில் பெற்றோல் சேர்க்க விடாதீர்கள், அதுவும் அடுப்படிக்குப் பக்கத்தில். நயினாதீவு போகிறவர்கள் குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தபின் படகு இல்லை என்று நிற்காமல், முதல்நாளே கேட்டுவையுங்கள். படகுக்கும் எண்ணெய்தான் வேண்டும்.

திரும்பும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகக் கொழும்புப் பக்கம் போய்த் தங்குங்கள். விமானம் யாருக்காகவும் நிற்காது, பஸ்ஸோ வரிசையில் நிற்கலாம். நான் ரயிலில் வெளிக்கிட்டேன். மச்சான் ஸ்ரேசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று நின்றார். வேண்டாம் என்று பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். அவர் உருட்ட, நான் பின்னால் பெட்டியைப் பிடித்தபடி நடந்தேன். இருபது நிமிசம் பிடித்தது.