கடாரத்துக்கு ஒரு நாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் அரை மணி நேரப் பயணம். செமிலிங் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஜெராய் மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வழி காட்டும் பலகை தென்படும். சுங்கை பட்டாணியிலிருந்து புறப்பட்டாலும் சுமார் 25 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதே பலருக்கு வினையாகிறது. "போற வழியில பார்த்துட்டுப் போயிடலாம்" என்று, துப்பா ஆற்றில் குளித்த கையோடு, தஞ்சோங் டாவாயில் மீன் வாங்கப் போகிற அவசரத்தில், ஈரத்துணியும் பசித்த பிள்ளைகளுமாக உள்ளே நுழைகிறார்கள். இருபது நிமிடத்தில் "வெறும் கல்லுதான்" என்று வெளியே வந்துவிடுகிறார்கள்.

கெடாவின் பழைய பெயரான கடாரத்தைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் நமக்கு இது பெரிய இழப்பு. மெர்போக்கிற்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் காலை நேரமாக இருக்கட்டும். குளியலும் மீனும் அதற்குப் பிறகு.

கோபுரத்தைத் தேடாதீர்கள்

தமிழ்நாட்டுக் கோயில்களையோ அங்கோர் வாட் படங்களையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். இங்கே நிற்பவை பெரும்பாலும் அடித்தளங்கள். இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. மேலே இருந்தது இடிந்து விழுந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மேற்பகுதி மரத்தூண்களும் மரக்கூரையுமாக இருந்ததால் மழையும் கரையானும் அதைத் தின்றுவிட்டன. கல் மட்டும் மிஞ்சியது.

இதை நேரில் சரிபார்க்கலாம். அருங்காட்சியகத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டிய சரிவில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டிதான் இவற்றில் பெரியது (சண்டி என்பது இங்குள்ள பழங்கோயில்களுக்கான பெயர்). அதன் முன் நின்று அடித்தளத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். உயர்ந்து நிற்கும் சதுரப் பகுதி விமானம், மூலவர் இருந்த இடம். அதன் முன்னால் தாழ்வாக விரிந்திருப்பது மண்டபம். மண்டபத் தரையில் வரிசையாகப் பதிந்திருக்கும் கற்களைக் குனிந்து பார்த்தால் நடுவில் குழி வெட்டியிருப்பது தெரியும். அந்தக் குழிகளில்தான் மரத்தூண்கள் நின்றன. ஒரு குழியிலிருந்து அடுத்ததுக்குப் பிள்ளைகளை நடக்கச் சொல்லுங்கள். தூண்களின் வரிசை பிடிபட்டதும் கூரை எங்கே இருந்திருக்கும் என்று அவர்களே கையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அப்படியே ஓடைப் பக்கம் திரும்பிப் பாறைகளையும் பாருங்கள். பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். கட்டடத்துக்குக் கல் எடுத்த உளித்தடங்கள் பாறைகளில் இன்றும் இருக்கின்றன. ஈரப்பாறை வழுக்கும் என்பதால் பாதையிலிருந்தே பார்த்தால் போதும்.

இந்தச் சண்டியை 1936-37-இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி ஆராய்ந்தார். 1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் குழுவினர் மறுபடி ஆராய்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி மீட்டுக் கட்டினார்கள். நீங்கள் பார்க்கும் ஒழுங்கு அந்த மீட்டமைப்பின் பலன். அப்போது அடித்தளத்துக்குள் சிறு குழிகள் வெட்டிய கற்பேழைகள் கிடைத்தன. கோயில் கட்டும்போது பொன், வெள்ளி, மணிகளை அடியில் வைத்து மூடும் கருவறைச் சடங்கின் எச்சங்கள் அவை. வீட்டுக்குக் கால் ஊன்றும்போது நவமணி போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதால், பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்த குழப்பம், வளாகத்தில் இருக்கும் எல்லாச் சண்டிகளும் ஆதியிலிருந்தே அங்கே இருந்தவை என்று எண்ணுவது. புக்கிட் பத்து பஹாட் மட்டும்தான் தன் சொந்த இடத்தில் நிற்கிறது. பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகியவை வேறு கிராமங்களிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து மறுபடி அடுக்கப்பட்டவை. ஆகவே "அந்தக் காலத்தில் இது ஒரே கோயில் வளாகம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் தனித்தனியாக, வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுந்த கட்டடங்கள் இவை. கட்டுமானப் பொருளைக் கவனித்தாலே வேறுபாடு தெரியும்: ஒன்றில் கருங்கல், இன்னொன்றில் துளை துளையான செம்புரைக்கல், வேறொன்றில் செங்கல்.

எல்லாவற்றையும் ராஜேந்திரன் கணக்கில் எழுதுவது

நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. ஆசையினால் செய்வது என்றாலும் திருத்திக்கொள்ள வேண்டியது. ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025-இல். பள்ளத்தாக்கின் பௌத்தக் கல்வெட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. புக்கிட் பத்து பஹாட்டின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே நூற்றாண்டுக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு. சோழர் கட்டியது என்று அடித்துச் சொல்லச் சான்று இல்லை. இங்கே கிடைத்தவற்றில் புத்தர் சிலைகளும் உண்டு, சைவ மரபுச் சின்னங்களும் உண்டு.

உண்மையான கதை வெறும் படையெடுப்பைவிடச் செழிப்பானது. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் நாகப்பட்டினத்தில் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழ மன்னன் தானமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. நட்பும் வணிகமும் ஒரு தலைமுறை, போர் அடுத்த தலைமுறை. வங்கக் கடலைத் தாண்டி வரும் கப்பல்களுக்கு ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரத்தில், தொலைவிலிருந்தே அடையாளம் காட்டியது. மலையடியில் மெர்போக் ஆற்றின் கழிமுகம் காற்று மாறும்வரை ஒதுங்க இடம் தந்தது. இதைச் சொல்லிவிட்டு மலையைக் காட்டுங்கள். பீடோங்கில் தினம் பார்க்கிற மலை பிள்ளைகள் கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

காட்சிக் கூடத்துக்குள் எல்லாக் கண்ணாடிப் பெட்டியையும் வரிசையாகப் படிக்க முயலாதீர்கள். மூன்றாவது பெட்டியிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். முதலில் பள்ளத்தாக்கின் வரைபடத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். வெயில் ஏறுமுன் மேலே சண்டிக்குப் போய் வாருங்கள். பிறகு இறங்கிவந்து மணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்கு ஆசியக் கண்ணாடித் துண்டுகள் என்ற மூன்றை மட்டும் தேடிப் பாருங்கள். ஒரே துறைமுகத்துக்கு எத்தனை திசையிலிருந்து சரக்கு வந்தது என்பது அந்த மூன்றிலேயே விளங்கிவிடும்.

சூடம் ஏற்றாதீர்கள்

கற்பூரம், விளக்கெண்ணெய், குங்குமம், பூ, சில்லறைக் காசு. பக்தியோடு வைப்பவர்களைக் கடிந்துகொள்ள முடியாது. ஆனால் கல்லுக்கு அது கேடு. செம்புரைக்கல்லும் பழஞ்செங்கலும் நுண்துளை நிறைந்தவை. எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் கழுவி எடுக்க வழியில்லை; அதன்மேல் தூசியும் பாசியும் ஒட்டிக் கறுத்துவிடும். கற்பூரக் கரி கல்லின் மேற்பரப்பில் படிந்து உளித்தடத்தை மறைக்கிறது. குங்குமச் சாயத்தை மழை அடுத்த கல்லுக்கும் இழுத்துச் செல்கிறது. கும்பிட வேண்டுமென்றால் கைகூப்பிக் கும்பிடுங்கள், அது போதும்.

படம் எடுப்பதற்காக விமான மேடையின் விளிம்பில் ஏறி உட்காருவதும், "ஞாபகத்துக்கு" ஒரு செங்கல் துண்டைப் பையில் போடுவதும் இதே வகைதான். தொல்பொருளை எடுப்பதும் சேதப்படுத்துவதும் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி குற்றம். 2013-இல் இதே பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளப்பட்டது. நாடு முழுக்க எழுந்த கண்டனம் போன கட்டடத்தைத் திருப்பித் தரவில்லை. மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று நினைத்தால் யாருக்கும் அதன்மேல் ஏறி உட்கார மனம் வராது.

சுங்கை பத்துவுக்கு நண்பகலில் போவது

செமிலிங்கைத் தாண்டி, சாலையோரமாகவே இருக்கிறது சுங்கை பத்து அகழாய்வுக் களம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் இங்கே தோண்டி வருகிறார்கள். இரும்பு உருக்கிய பட்டறைகள், படகுத்துறை, வட்ட வடிவச் செங்கல் மேடை ஆகியவை வெளிப்பட்டன. திறந்தவெளி, நிழல் குறைவு. பகல் 12 மணிக்கு நின்றால் செங்கல்லும் மண்ணும் ஒரே நிறமாகத் தெரியும். காலை 9 அல்லது மாலை 4 மணியளவில் சாய்ந்து விழும் வெயிலில்தான் செங்கல் வரிசைகளின் நிழல் எழும்பி, சுவர் எங்கே ஓடுகிறது என்று புரியும்.

இங்கே தேடிப் பார்க்க வேண்டியது சுடுமண் ஊதுகுழாய். கையளவுத் தடிமனில், நடுவே துளையுள்ள உருளை. ஒரு முனையில் துருத்தியை வைத்துக் காற்றை ஊதுவார்கள். மறுமுனை உலைக்குள் இருக்கும். கரியும் இரும்புத்தாதும் எரியும் சூட்டில் உலைப்பக்க முனை கறுத்து, கண்ணாடி போல உருகி மினுக்கும். எந்த முனை நெருப்பைப் பார்த்தது என்பதைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பக்கத்தில் துளைகளோடு கிடக்கும் கனமான கறுப்புக் கட்டிகள் இரும்பைப் பிரித்தபின் எஞ்சிய கசடு.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆய்வுக் குழுவினர் இதைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகள் வரை கொண்டுபோகிறார்கள். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. "தென்கிழக்காசியாவின் மிகப் பழைய நாகரிகம்" என்று குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடுமுன் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் போவது வீண். குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, அன்று திறந்திருக்கிறதா, விளக்கிச் சொல்ல ஆள் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் குழிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவதும் உண்டு.

நாள், நேரம், ஆறு

கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலிருந்தோ பேராக்கிலிருந்தோ உறவினர் வருவதாக இருந்தால் அவர்களுக்கு ஞாயிறு ஓய்வு, உங்களுக்கு வேலைநாள். சனிக்கிழமைதான் எல்லோருக்கும் ஒத்துவரும். வெள்ளிக்கிழமை போனால் தொழுகை நேரத்தில், ஏறக்குறைய 12.15 முதல் 2.45 வரை, அருங்காட்சியகக் கதவு மூடியிருக்கும். பகல் 12.15-க்கு மேல் வந்து சேர்கிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மரக் கட்டடங்கள் பராமரிப்புக்காக மாதக் கணக்கில் மூடப்படுவதும் உண்டு என்பதால், எந்த அருங்காட்சியகமானாலும் கிளம்புமுன் ஒரு அழைப்பு.

வட கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் வறட்சி. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடி மழை திடீரென்று வரும். மலையடி ஓடையில் குளிக்க நினைக்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராயிலிருந்து இறங்கிய பெருவெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைக் கொண்டுபோனது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாத்திரம் பண்டம் எதையும் பொறுக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள். ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஜெராய் உச்சியில் கருமேகம் கட்டியிருந்தால் அன்றைக்குக் குளியல் வேண்டாம்.

சிலிப்பர் போட்டுக்கொண்டு சண்டிப் படிகளில் ஏறுவது இன்னொரு வழக்கமான தவறு. பாசி படிந்த படியில் ரப்பர் அடி பிடிக்காது. கட்டிய காலணி போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, மழைக்குப்பின் போவதென்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. பீடோங்கிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை மேல் சண்டி வரை இழுக்க வேண்டாம். பெயர்த்து வைத்த சண்டிகளில் ஏறாமலே பார்க்கக்கூடியவை உண்டு, அங்கே உட்காரவைத்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு நாளைக்கு

அலோர் ஸ்டார் பக்கம், கெரியாங் மலையடியில் இருக்கும் நெல் அருங்காட்சியகத்தை மெர்போக்கோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அதன் மேல்தளத்தில் மேடை மெல்லச் சுழல, சுற்றிலும் வயல்வெளி ஓவியம் விரியும். பலர் அதைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக் கருவிகளைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். வெளியே வயல் பச்சையாக இருக்கிறதா, அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் போனால் உள்ளே பார்த்ததும் வெளியே பார்ப்பதும் சேரும்.

பினாங்கு தாவரவியல் பூங்கா 1884-இல், பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் அமைந்தது. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் தண்ணீர்மலைச் சாலையில் வாகனம் நகராது, அப்போது பூங்காவை மறந்துவிடுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடுவது அபராதத்துக்குரியது. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே அவை பறிக்க வரும், ஆகவே சாப்பாடு முதுகுப் பைக்குள் மூடியிருக்கட்டும். நாகலிங்க மரத்தடியில் காலையில் உதிர்ந்த பூவின் மணம் அருமையாக இருக்கும். பூவைப் பொறுக்கும் ஆசையில் மரத்துக்கு நேர் கீழே பாய் விரித்து உட்காராதீர்கள். தலையளவு கனத்த காய்கள் சொல்லாமல் விழும்.