ஆழமில்லாத ஏரிக்குப் போகிறீர்களா? பஃபலோ லேக் போகும் முன் படித்துவிடுங்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணச் சமவெளியில், ஸ்டெட்லர் ஊருக்கு அருகே இருக்கிற பஃபலோ லேக் பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும், ஆனால் சராசரி ஆழம் 3 மீட்டர்கூடக் கிடையாது, மிக ஆழமான இடத்திலேயே ஆறரை மீட்டர்தான். ராக்கி மலை ஏரிகளில் ஜூலையிலும் கால் விறைத்துப்போகும், இங்கே நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கிளப்புவதே பெரும்பாடு. குடும்பமாகப் போக எனக்கு மிகவும் பிடித்த வகை ஏரி இது. அதனால்தான் சொல்கிறேன், ஆழமில்லை என்பதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

முதலில் காற்று. சமவெளியில் அதைத் தடுக்க மலையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் அலை சீக்கிரமே எழும்பிவிடும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக, செங்குத்தாக வந்து மோதும், சின்னப் படகு ஒரு அலையைச் சமாளித்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வானிலை பார்க்கும்போது மழை வருமா என்று மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, நின்றபடி துடுப்புப் போடும் பேடில் போர்டு எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும்.

கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசும் காற்றுதான் ரொம்ப ஏமாற்றும். கரையோரத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், காற்றடைத்த மெத்தையில் படுத்திருக்கும் பிள்ளை பத்தே நிமிடத்தில் கரையைவிட்டு வெகுதூரம் போய்விடும். அந்த மாதிரி நாளில் மெத்தையை வண்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது கனடா முழுவதற்கும் சட்டம், ஆனால் இருந்தால் மட்டும் போதாது, போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விசிலும் கட்டாயம்.

அப்புறம் நஞ்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி. வெதுவெதுப்பான தண்ணீர், வயல்களிலிருந்து வரும் உரச்சத்து, காற்று கலக்கிவிடும் அடிமண் எல்லாம் சேர்ந்து, கோடையின் பிற்பகுதியில் இது பெருகும். ஒரு நீளமான குச்சியைப் பாசிக்குள் விட்டு எடுங்கள். நூல் நூலாகக் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசிதான், பச்சைப் பெயிண்டில் முக்கி எடுத்தது போலப் பூசிக்கொண்டு வந்தால் இறங்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. நாயை விடவே கூடாது, நனைந்த உடம்பை அது நக்கினாலே உயிருக்கு ஆபத்து. கிளம்பும் முன் ஆல்பர்ட்டா மாகாணப் பொதுச் சுகாதார அமைப்பின் பாசி எச்சரிக்கைகளில் இந்த ஏரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குளித்தபின் சிலருக்குச் சிவப்புத் தடிப்பு வந்து அரிக்கும். நத்தையிலும் நீர்ப்பறவையிலும் மாறி மாறி வளரும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி வழிதவறி நம் தோலில் நுழைவதால் வருவது அது, தானாகவே போய்விடும். செடி மண்டிய ஓரங்களைத் தவிருங்கள், வெளியே வந்ததும் வெயிலில் காயட்டும் என்று விடாமல் துண்டால் அழுத்தித் துடையுங்கள்.

தங்குவதற்குத் தென்கரையில் ரோஷான் சாண்ட்ஸ் மாகாணப் பூங்கா இருக்கிறது, ஜூலை, ஆகஸ்ட் வார இறுதி என்றால் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். தொப்பி, கொசு மருந்து, சேற்றில் நடக்கச் செருப்பு, இவை போதும்.

நாணல் பக்கம் போனால் வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் தள்ளியே நின்று பாருங்கள். கிரீப் என்ற நீர்ப்பறவைகள் அங்கே தண்ணீரில் மிதக்கும் கூடு கட்டும், வேகமாகப் போகும் படகின் அலை ஒன்று போதும், முட்டைகள் தண்ணீரில் போய்விடும். தொந்தரவு செய்யாமல் இருந்தால் தாய்ப்பறவை குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதையும் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சொந்தப் படகு என்றால் கரையேற்றியதும் சேறு, செடி எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவிடுங்கள். 2013இல் மனிடோபா மாகாணத்து வினிபெக் ஏரியில் புகுந்திருப்பது தெரியவந்த வரிச்சிப்பி (ஜீப்ரா மஸல்) இப்படிப்பட்ட படகுகளில் ஒட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் பரவுகிறது, ஒரு தடவை புகுந்துவிட்டால் ஏரியிலிருந்து அதை ஒழிப்பது மிக மிகக் கடினம். ஆல்பர்ட்டாவில் படகைச் சாலையில் இழுத்துச் செல்லும்போது அதன் வடிகால் துளையை மூடும் அடைப்பானைக் கழற்றியிருக்க வேண்டும், வழியில் படகுச் சோதனை நிலையம் திறந்திருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும், கயாக்குக்கும் அதே விதிதான்.