காய்ச்சலோடு வரும் வயிற்றுவலி: குழந்தைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், வேலூர் வெயிலுக்குச் "சூடு பிடிச்சிருக்கு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வைக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அந்த வலி வைரஸ் காய்ச்சலுடனோ, சளி, பேதிக்குப் பின்போ வந்திருந்தால் எண்ணெயோடு நின்றுவிடக் கூடாது. அதே விளக்கெண்ணெயைப் பேதிக்கென்று குடிக்கக் கொடுப்பது இன்னும் பெரிய தவறு.

எனக்கு மிகவும் பயம் தருவது குடலேற்றம் என்று வயிற்றை வழித்துவிடுவதுதான். 3 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குடல் சொருகல் என்று ஒன்று வரும். வைரஸ் தொற்றில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நெறி கட்டி வீங்கும். அந்த வீக்கத்தைக் குடல் முன்னே தள்ளப் பார்க்கும்போது, சட்டையைக் கழற்றும்போது கை உள்ளே மடங்கிக்கொள்வதுபோல ஒரு பகுதி அடுத்ததற்குள் நுழைந்துவிடும். குழந்தை காலை மடக்கி வீறிட்டு அழும், சில நிமிடத்தில் ஓய்ந்து துவண்டு கிடக்கும், மறுபடி அழும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "வழிச்சதும் சரியாயிடுச்சு" என்று நம்பிவிடுகிறோம். பச்சையாக வாந்தி வந்தால் காத்திருக்கவே கூடாது. ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும்வரை பார்ப்பதும் தாமதம்தான். சீக்கிரம் போனால் ஸ்கேனில் கண்டுபிடித்து, ஆசனவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். குடல் அழுகிவிட்டால் ஆபரேஷன்தான்.

கடும் பேதியைத் தடுக்கத் தரும் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தால் குடல் சொருகும் என்று பயந்து அதைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அப்படி நடப்பது மிக மிக அரிது. கடும் பேதியின் ஆபத்து அதைவிடப் பெரிது. ரோட்டாவாக் என்ற இந்த வகைச் சொட்டு மருந்தைக் குழந்தைகளிடம் பரிசோதித்த மூன்று ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.

அப்புறம் டெங்கு. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம், ஆபத்தான நேரமே அப்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும், கல்லீரல் வீங்கும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது எல்லாம் எச்சரிக்கை. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தைரியமாக இருக்காதீர்கள். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் பி.சி.வி. எவ்வளவு என்றும் கேளுங்கள். வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் சிரப் கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும் போதும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சலோடு வயிற்றுக்குள் நெறி கட்டி வலிப்பது சகஜம், சில நாளில் தானாகக் குறையும். ஆனால் குடல்வால் வலியும் அதே மாதிரிதான் தொடங்கும். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, நடந்தால் கூடினாலோ அது நெறிதான் என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள்.

மலைக் கிராமமோ, நள்ளிரவோ, 108ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள குழந்தைகள் மருத்துவரிடமோ கிளம்புங்கள். குடல் சொருகல் என்று சந்தேகம் இருந்தால் வழியில் பால்கூட வேண்டாம். மலம் பட்ட துணியை அலசாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், டாக்டர் பார்க்கட்டும்.