டெலஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன்: டர்பன் வானத்தில் நாம் செய்கிற தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன குளிர்காலத்தில் கண்ணாடி டெலஸ்கோப் வாங்கினான். 130 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 650 மி.மீ. குவியத்தூரம், ஈக்குவடோரியல் தாங்கி (வானம் சுழலும் அச்சுக்கு இணையாக வைத்துத் திருப்புகிற வகை). மூன்றாம் நாளே என் வாசலில் வந்து நின்றான். "அண்ணா, இது ஏதோ கோளாறு. துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கச் சொல்றாங்க, எங்க தேடினாலும் காணோம்."

எப்படிக் காணும்? அவன் பார்த்தது சென்னைக்காரர் போட்ட வீடியோ. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 பாகையில். துருவ நட்சத்திரம் இங்கே எந்த நாளும் எழாது. கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததிகூட வடக்கு அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகைதான் ஏறும். (பகல் முகூர்த்தத்தில் எந்த ஊரிலும் தெரியாதுதான், அது வேறு கதை.)

இங்கே தாங்கியின் அச்சு தெற்கு நோக்கி, 30 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்மா ஆக்டான்டிஸ் என்ற மங்கலான நட்சத்திரம் உண்டு. நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குச் சிக்காது. தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தின் நீளவாட்டத்தை அதன் கால் பக்கமாக நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்துருவம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஃபோன் திசைகாட்டியை நம்புகிறவர்கள் 'உண்மை வடக்கு' என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். டர்பனில் காந்த ஊசி 20 பாகைக்கும் மேல் விலகி நிற்கும். மோட்டார் இருந்தால் அதைத் தெற்கு அரைக்கோளத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் பார்க்கிற பொருள் கண்முன்னே ஓடிவிடும்.

அடுத்த தவறு, வீட்டுக்குள் இருந்து தூக்கி வந்த கையோடு பார்ப்பது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பார்த்தால் சனி கொதிக்கிற ரசத்துக்குள் கிடப்பது போல நெளியும். கோடையில் டர்பன் கதை தலைகீழ்: ஏசி அறையிலிருந்து கொண்டு வந்தால் ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி வியர்த்துவிடும். தானாகக் காயும்வரை விடுங்கள்.

அப்படி விட்டுவிடாமல் துடைக்கப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அனுபவத்தில் சொல்கிறேன். கரும்பு வெட்டு மாதங்களில் தோட்டத்தைக் கொளுத்தினால் கறுப்புச் சாம்பல் காற்றில் மிதந்து வரும், தெரியுமல்லவா? 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் உழைத்த அதே கரும்புதான். ஒருநாள் குழாய் மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடி மேல் மூன்று நான்கு கரித்துணுக்கு. வேட்டி முனையால் ஒரு இழுப்பு இழுத்தேன். சாம்பல் போனது, அது போன வழி இன்றும் கோடாகத் தெரிகிறது.

முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும். டெலஸ்கோப்பில் அலுமினியப் பூச்சு முன்பக்கம், வெறுமையாக. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் தூசி இருந்தால் பார்வை ஒன்றும் கெடாது, விட்டுவிடுங்கள். உப்போ கறையோ படிந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஊற வைத்து, பஞ்சைத் தன் எடையிலேயே மெல்ல நழுவவிட்டு, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, சாய்த்துக் காய வையுங்கள்.

கண்ணாடிகளை நேர்படுத்தும் கொலிமேஷனுக்குப் பயந்து பலர் அதைத் தொடுவதே இல்லை. காரில் ஒரு முறை குலுங்கினாலே விலகும். குவியத்தூரம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கே உள்ள குழாய்களில் சிறு விலகலும் படத்தைக் கெடுக்கும். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்து, குவியம் தப்பவிட்டுப் பாருங்கள்: மெதுவடை போல வட்டமும் நடுவில் ஓட்டையும் தெரிய வேண்டும். ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நேராக்கலாம். நம் நாட்டுச் சதர்லாந்தில் உள்ள சால்ட் என்ற மாபெரும் தொலைநோக்கியில் 91 கண்ணாடித் துண்டுகள். அவற்றை ஒழுங்குபடுத்தவே பக்கத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. நமக்கு மூன்று திருகு.

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய மடங்குகளை நம்பாதீர்கள். 130 மி.மீ. கண்ணாடிக்கு 260 மடங்கே உச்சம், பெரும்பாலான இரவில் அதுகூட எட்டாது. 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) கிடைக்கும் 26 மடங்கில் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தைத் துழாவுங்கள், பிறகு 10 மி.மீ.க்கு மாறி ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பாருங்கள். வடக்கத்திக்காரர்கள் பொறாமைப்படுகிற காட்சிகள் இவை. அப்புறம், படம் தலைகீழாகத் தெரிவது பழுதல்ல, இந்த வகை அப்படித்தான்.

ஐபீஸில் திருகும் சின்னச் சூரிய வடிகட்டி வந்திருந்தால் குப்பையில் போடுங்கள். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்கு, குழாயின் வாயை முழுக்க மூடும் வடிகட்டி மட்டுமே.

பார்த்து முடிந்ததும் ஈரத்தோடு மூடி போடாதீர்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பூச்சை அரித்துவிடும். உள்ளே வைத்து, குழாயைக் கிடையாகத் திருப்பி, காய்ந்த பிறகு மூடுங்கள். எங்கள் தெருப் பையன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறான். காலையில் அவன் அம்மா அதன் மேலேயே ஈரத்துண்டைக் காயப் போடுகிறார். அதற்கு என்னிடம் வழி இல்லை.