விளம்பரத்தில் ஓடும் இலவச ஆப்: போடலாமா, வேண்டாமா?

எப்போதாவது திறக்கும் ஆப்புக்கு இலவசமே போதும். ஆனால் போடும் முன் பிளே ஸ்டோரில் ஆப் எந்தத் தகவல்களை எடுக்கிறது என்று சொல்லும் 'டேட்டா சேஃப்டி' பகுதியைப் பாருங்கள். அதை எழுதுவது ஆப் தயாரித்தவரேதான், முழுசாக நம்பிவிடாதீர்கள். டார்ச் ஆப் இருப்பிடம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். 2013-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் சிக்கிய டார்ச் ஆப் ஒன்று, இருப்பிடத்தை விளம்பர நெட்வொர்க்குகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

போட்டாயிற்றா? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், அதில் ஆட்ஸ் போய் விளம்பர ஐடியை (விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் எண்) டெலீட் செய்யுங்கள். விளம்பரம் குறையாது, உங்களைக் குறிவைப்பதுதான் குறையும். நெட் தேவைப்படாத கேம் என்றால் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு ஆடுங்கள். பெரும்பாலும் விளம்பரம் எட்டிப் பார்க்காது.

தினமும் திறக்கும் ஆப்புக்கு ஒரே தடவை பணம் கட்டி விளம்பரத்தை நீக்க முடிந்தால் அதுவே லாபம். மாதச் சந்தா என்றால் 12-ஆல் பெருக்கிப் பார்த்து முடிவெடுங்கள்.