நாணயம் தேடச் சில்லறை எங்கே வாங்குவது? வட சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில்லறையில் அரிய காசு தேடும் பழக்கம் தொற்றிக்கொண்டவர்கள் முதலில் போய் நிற்பது வங்கியின் கவுண்டரில்தான். "ஒரு மூட்டை ஐந்து ரூபாய் காசு வேண்டும்" என்று கேட்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ரிசர்வ் வங்கி வழியாகக் கிளைக்கு வரும் முத்திரை பிரிக்காத மூட்டை பெரும்பாலும் நாணயச்சாலையிலிருந்து நேராக வந்தது. அவிழ்த்துக் கொட்டினால் ஒரே ஆண்டு, ஒரே வடிவம், ஒரே பளபளப்பு. அதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் காகிதம் சுற்றிய உருளைகளை வங்கியில் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அதே ஏற்பாடு இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நம் வங்கிகளில் அந்த வழக்கம் இல்லை. ஒரே தடவையில் ஒரு மூட்டைக்கு மேல் நாணயம் வேண்டுமென்றால், அது வியாபாரத் தேவைக்காக மட்டுமே தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதனால் மூன்று மூட்டை கேட்டு நிற்கும் பொழுதுபோக்குக்காரரைக் காசாளர் சந்தேகத்தோடு பார்த்தால் அவர்மீது குறை சொல்ல முடியாது.

கேட்க வேண்டியது வேறு. வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து கட்டிய, கலந்து கிடக்கும் பழைய சில்லறை. வங்கிகள் நூறு நூறாகப் பிளாஸ்டிக் பைகளில் போட்ட காசை வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அந்தச் சின்னப் பைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. இரண்டு பை, மூன்று பை என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு இருக்கும் கிளையில், மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்து, மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஓய்வூதியம் வாங்க முதியவர்கள் வரிசையில் நிற்கும் நாளில் போய்ச் சில்லறை கேட்பது முறையும் இல்லை, பலனும் இல்லை.

எந்தக் கிளை என்பதிலும் யோசனை வேண்டும். வட சென்னையில் கோயில்களுக்குக் குறைவில்லை. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள், பாரிமுனைப் பக்கத்துக் கந்தகோட்டம், திருவொற்றியூர் தியாகராஜர், வடிவுடையம்மன் என்று எல்லா இடத்திலும் உண்டியல் உண்டு. உண்டியலில் பல வீட்டு டப்பாக்களில் வருடக்கணக்கில் கிடந்த காசு வந்து விழுகிறது. அதற்காகக் கோயில் ஊழியரிடம் போய்க் கேட்காதீர்கள். உண்டியல் எண்ணிக்கை அதிகாரிகளின் மேற்பார்வையில் நடக்கிறது. அங்கிருந்து ஒரு காசைக்கூட மாற்றித் தர எவருக்கும் உரிமை இல்லை. கேட்பதே அவர்களைச் சங்கடத்தில் தள்ளும். கோயில் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எது என்று தெரிந்துகொண்டு, பணம் கட்டப்பட்ட சில நாட்களில் அங்கே விசாரிப்பதுதான் நேர்வழி. கடைகள் வாங்க மறுக்கும் ஐம்பது காசுகூட அப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கலாம். அது இன்றும் செல்லும் காசுதான். 25 காசும் அதற்குக் கீழானவையும்தான் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின.

கடைகளில் வாங்குவது இன்னும் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் நேரம் தவறினால் வசைதான் கிடைக்கும். காலையில் ராயபுரத்து டீக்கடையிலோ, வண்ணாரப்பேட்டை மளிகைக் கடையிலோ, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவிடமோ போய் "சில்லறை இருக்கிறதா" என்று கேட்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பதற்குச் சமம். அந்த நேரத்தில் அவர்களுக்கே சில்லறைதான் தட்டுப்பாடு. இரவு கல்லாவை எண்ணும்போது போங்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருவரும் பார்க்க எண்ணி வாங்குங்கள். பஸ் நடத்துநரிடம் கேட்கவே வேண்டாம். அவர் பையில் இருப்பது அடுத்த பயணிக்குத் தர வேண்டிய மீதி. கடையில் நின்றபடியே பொறுக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தள்ளுவதும் கூடாது. மொத்தமாக வாங்கி வீட்டில் பாருங்கள்.

வியாபாரிகள் கிலோ கணக்கில் விற்கும் 'யாரும் பார்க்காத பழைய காசு' மூட்டையை நம்பிப் பணத்தை விடாதீர்கள். காசின் மதிப்பு தெரிந்தவர் கையைத் தாண்டி வந்த மூட்டையில் நல்லது மிச்சம் இருக்க வாய்ப்பு குறைவு. தேடுவதற்கான சில்லறைக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் மூட்டையைப் பிரிப்பது நேரத்தை வீணாக்கும் வேலை. காசு எந்த ஊர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதை ஆண்டுக்குக் கீழே உள்ள குறி சொல்லும்: வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் ஆண்டின் கீழ் ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டது. நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான காசுகளும் உண்டு. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்தவை, காமராசர் நூற்றாண்டின் ஐந்து ரூபாய், 2009இன் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கான 2010இன் ஐந்து ரூபாய். இவையெல்லாம் புழக்கத்துக்கு வந்த காசுகள். திருவள்ளுவர் முகம் பதிந்த ஒரு ரூபாய் சில்லறைக் குவியலில் கண்ணில் படும்போது வரும் மகிழ்ச்சியை விலை கொடுத்து வாங்கும் காசு தராது. கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர் எவரும் மதிப்பதில்லை.

வைஷ்ணவ தேவி உருவம் பதித்த காசுக்கு லட்சக்கணக்கில் பணம் என்று வரும் செய்திகளை அடியோடு ஒதுக்குங்கள். தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய காசுக்குக் கமிஷனும் வரியும் கேட்கும் மோசடிகளைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

பெரிதாக யாரும் பேசாத தவறு ஒன்று உண்டு: பார்த்து முடித்த காசைக் கட்டிலுக்கு அடியில் குவித்துவைப்பது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடுக்கிறது. முகமதிப்பை விட்டு வேறு விலைக்கு விற்கும் நோக்கத்தில் தேவைக்கு மிஞ்சி வைத்திருப்பதையும் தடுக்கிறது. ஆல்பத்துக்கு எடுத்த சில காசுகள் போக மற்றவை புழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். திருப்பும் வழியை யோசித்த பிறகே வாங்குங்கள். ஒரே கடையில் மொத்தமாகத் திணிக்க முடியாது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும். வங்கியில் கட்ட அப்படி வரம்பு எதுவும் இல்லை. வகை பிரித்து, நூறு நூறாகப் பையில் போட்டு, மேலே எண்ணிக்கை எழுதிக் கொண்டுபோனால் காசாளருக்குப் பாதி வேலை மிச்சம். வாங்கிய கவுண்டரிலேயே மறுநாள் கட்டாதீர்கள். அடுத்த முறை உங்களுக்குத் தர மாட்டார்கள். கனத்தையும் மறக்க வேண்டாம்: பழைய தடித்த ஐந்து ரூபாய் ஒன்று 9 கிராம், அப்படி ஆயிரம் என்றால் 9 கிலோ. நெரிசலான பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய சுமை அல்ல.

அதைவிட நல்ல வழி, காலையில் சில்லறைக்குத் தவிக்கும் கடைக்காரருக்கே கொடுப்பது. இரவு ஒருவரிடம் வாங்கியதை இரண்டு நாளில் பார்த்து முடித்து, விடியற்காலையில் தேவைப்படுகிறவரிடம் நோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து ரூபாய் காசை மட்டும் சிலர் தயங்கி வாங்குவார்கள். ரூபாய் குறியீடு இருப்பதும் இல்லாததும் இரண்டுமே செல்லும் என்று சொல்லுங்கள். அப்படியும் நம்பாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14440 என்ற இலவச எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.