லேயர்டு டிப் வாங்கப் போறீங்களா, முதல்ல க்யூவோட முனையை அளந்து பாருங்க

பூல், ஸ்னூக்கர் ஆட சொந்தமா ஒரு க்யூ, அதாவது பந்தை அடிக்கிற குச்சி, வாங்கி ஆறு மாசம் ஆச்சுன்னா எல்லாருக்கும் அடுத்த ஆசை அதோட முனையில ஒட்டுற தோல் டிப் மேல தான் வரும். ஃபோனை எடுத்து தேடுனா கமுய், மூரி, ஜான், டைகர்னு பிராண்டுங்க வரிசை கட்டி நிக்கும், ஒவ்வொண்ணுலயும் சாஃப்ட் மீடியம் ஹார்டு வேற, அரை மணி நேரத்துல தலை சுத்திடும். நான் இதே மாதிரி சுத்தி மூணு டிப்புக்கு தண்டம் அழுதிருக்கேன், அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

மொதல்ல லேயர்டு டிப்புன்னா என்னன்னு பார்த்துடலாம். பார்லர்ல இருக்குற பொது க்யூல போடுற எல்க் மாஸ்டர், லீ ப்ரோ எல்லாம் ஒரே தோல் துண்டுல வெட்டி எடுத்தது. தோல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது இல்லையா, அதனால ஒரே டப்பாவுல இருக்குற ரெண்டு டிப் ரெண்டு மாதிரி அடிக்கும், ஒண்ணு கல்லு மாதிரி இருக்கும் இன்னொண்ணு ரெண்டு வாரத்துல நசுங்கிடும். லேயர்டுல மெல்லிசா சீவின தோலை ஒண்ணு மேல ஒண்ணா பசை போட்டு ஒட்டி அழுத்தி வச்சிருப்பாங்க, கமுய் ஜான் மாதிரி ஜப்பான் டிப்புங்களுக்கு பன்னித் தோல். சைடுல திருப்பி பாத்தீங்கன்னா மூடி வச்ச புக்கோட ஓரம் மாதிரி கோடு கோடா தெரியும். இதுல கிடைக்குற பெரிய லாபம் என்னன்னா இன்னைக்கு போட்டதும் அடுத்த வருஷம் மாத்தி போடுறதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அடிக்கும், சீக்கிரம் குடை மாதிரி விரியாது. நீங்க காசு குடுக்குறது இதுக்குத் தான், ஸ்பின்னுக்கு இல்ல.

பார்லர்ல யாரைக் கேட்டாலும் சாஃப்ட் போடு நல்லா ஸ்க்ரூ (பால் பின்னாடி சுத்தி திரும்பி வர்றது) வரும்னு தான் சொல்வாங்க, ஆனா அது அவ்ளோ சரி இல்ல. டிப்பும் பாலும் ஒட்டி இருக்குற நேரமே ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு, கொஞ்சம் முன்ன பின்ன, சாஃப்ட்ல அது கொஞ்சூண்டு கூடும் அவ்ளோ தான். பால் எவ்ளோ சுத்தும்ங்கறது நீங்க சென்டர்லேர்ந்து எவ்ளோ தள்ளி அடிக்கிறீங்க, க்யூ எவ்ளோ ஸ்பீடா போகுதுங்கறதுல தான் இருக்கு. அதுக்கும் ஒரு லிமிட் இருக்கு, சென்டருக்கும் பாலோட ஓரத்துக்கும் நடுவுல பாதி தூரம், பூல் பால் 57 மில்லிமீட்டர்னா சுமார் 14 மில்லிமீட்டர், அதைத் தாண்டுனா எந்த டிப்பா இருந்தாலும் வழுக்கி மிஸ்க்யூ தான், அதாவது அடி தப்பிடும். பழைய காலத்துல வெறும் மரக் குச்சியால அடிச்சப்ப இந்த லிமிட் பக்கத்துலயே போக முடியாது, 1800கள் ஆரம்பத்துல மிங்கோன்னு ஒரு பிரெஞ்சு கேப்டன் ஜெயில்ல இருந்தப்ப முனையில தோல் வச்சுப் பார்த்து தான் இந்த விளையாட்டே மாறுச்சுன்னு சொல்வாங்க. அதாவது தோல் இருக்குறதும் வழுக்காம இருக்க டிப்புல தடவுற சாக் பொடி அதுல புடிக்குறதும் தான் விஷயம், அது சாஃப்ட்டா ஹார்டாங்கறது அதுக்கு அப்புறம்.

அப்போ எதுக்கு சாஃப்ட், மீடியம், ஹார்டுன்னு மூணு வகைன்னு கேப்பீங்க. அடிக்கும்போது கைக்கு வர்ற ஃபீலும் காதுக்கு வர்ற சத்தமும் வேற. சாஃப்ட்ல 'தொப்'புனு வரும், ஹார்டுல 'டக்'குனு வரும். சாஃப்ட் சாக்கை நல்லா புடிச்சு வச்சுக்கும், ஆனா அமுங்கி அமுங்கி நாளாக நாளாக அதுவே மீடியம் மாதிரி இறுகிடும், ஓரமும் வெளிய தள்ளும், அடிக்கடி ஷேப் பண்ணனும். ஹார்டு ரொம்ப நாள் ஷேப் மாறாம நிக்கும், ஆனா சாக் போட மறந்தீங்கன்னா உடனே காட்டிக் குடுத்துடும். முதல் தடவை லேயர்டு போடுறவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு மீடியம் தான் சொல்வேன். ஒரு ரெண்டு மூணு மாசம் ஆடுங்க, ரொம்ப கல்லா இருக்குன்னு தோணுச்சா அடுத்தது சாஃப்ட், ஷேப் நிக்கலையா அடுத்தது ஹார்டு. இன்னொண்ணு, ஒரு கம்பெனியோட மீடியம் இன்னொரு கம்பெனியோட மீடியம் கிடையாது, அதனால ஃப்ரெண்டு மீடியம் போட்டிருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, எந்த பிராண்டுன்னும் கேளுங்க, முடிஞ்சா அவன் க்யூவுலயே நாலு ஷாட் அடிச்சுப் பாருங்க. சென்னை மாதிரி ஊர்ல இன்னொரு தொல்லையும் இருக்கு, தோல் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்துல ஏசி இல்லாத ஹால்ல வச்ச க்யூவுல சாஃப்ட் டிப் இன்னும் சாஃப்ட்டா ஆயிடும். அங்க ஆடுறவங்க ஒரு படி ஹார்டு பக்கம் சாய்ஞ்சா தப்பில்ல.

சைஸ்ல நம்ம ஊர்ல நிறைய பேர் ஏமாறுறாங்க. பூல் க்யூ முனை 12.5லேர்ந்து 13 மில்லிமீட்டர் வரும், அதுக்கு 14 மில்லிமீட்டர் டிப் வாங்கி ஓரத்தை சீவிக்கணும். ஆனா நம்ம பார்லர்ல பாதி பேர் ஸ்னூக்கர் க்யூவை வச்சு தான் பூலும் ஆடுவோம், அதோட முனை 9.5, 10 மில்லிமீட்டர் தான், அதுக்கு 14ஐ வாங்கி சீவுனா பாதி டிப் குப்பைக்குத் தான் போகும், 10 இல்லைன்னா 11 மில்லிமீட்டர் வாங்குங்க. ஒரு ஸ்கேலை வச்சு ஃபெரூலை, அதாவது டிப்புக்கு கீழ க்யூ முனையில இருக்குற வளையத்தை, அளந்துட்டு ஆர்டர் போடுங்க. விலை சந்தேகப்படுற அளவுக்கு கம்மியா இருந்தா விட்டுடுங்க, பேர் போன பிராண்டுங்களுக்கு டூப்ளிகேட் நிறைய சுத்துது, ரெண்டாவது வாரத்துலயே லேயர் பிரிஞ்சு வரும். கையில வாங்கும்போது சைடுல நகத்தை வச்சு மெதுவா நெருடிப் பாருங்க, லேயருக்கு நடுவுல இடைவெளி தெரிஞ்சாலோ பசை பிதுங்கி நின்னாலோ வேற எடுங்க.

இப்போ ஃபிட்டிங். என் முதல் லேயர்டு டிப்பை ஒரு கடையில குடுத்து போட்டேன், ஃபெரூல் மேல இருந்த பழைய பசையை சரியா சுரண்டாம அதுக்கு மேலயே புதுசா ஊத்தி ஒட்டிட்டாங்க, மூணாவது நாள் பிரேக் ஷாட்ல வெள்ளை பால் ஒரு பக்கம் டிப் ஒரு பக்கம் பறந்துச்சு, பார்லர்ல ஸ்கோர் பாக்குற மார்க்கர் அண்ணன் பக்கத்து டேபிளுக்கு அடியில புகுந்து தேடி எடுத்துக் குடுத்தார். அதுக்கப்புறம் நானே போட கத்துக்கிட்டேன். பழைய டிப்பை பிளேடால வெட்டி எடுத்துட்டு ஃபெரூல் மேல பழைய பசை போய் சுத்தமா தெரியுற வரைக்கும் உப்புத்தாள்ல தேய்ங்க, ஆனா உப்புத்தாளை டேபிள் மேல வச்சு க்யூவை செங்குத்தா நிறுத்தி தேய்க்கணும், கையில புடிச்சு தேய்ச்சா முனை உருண்டு போயிடும். புது டிப்போட அடிப்பக்கத்தையும் அதே மாதிரி லேசா. சூப்பர் க்ளூல தண்ணி மாதிரி இருக்குறதை விட ஜெல் நல்லது, தண்ணி மாதிரி இருக்குறது லேயருக்குள்ள ஏறி டிப்பை இறுக்கிடும். ஒரு சொட்டு, நடுவுல வச்சு அழுத்தி ஒரு நிமிஷம் புடிங்க, நைட்டு முழுக்க விட்டுடுங்க.

ஓரத்தை சீவ ஃபெரூல்ல டேப் சுத்திட்டு க்யூவை தலைகீழா ஒரு பலகை மேல நிறுத்தி புது பிளேடால மேலேர்ந்து கீழ, அதாவது டிப்போட முகம் பக்கமா வெட்டணும். மொக்கை பிளேடு லேயரை இழுத்து பிரிச்சுடும், அதனால இதுக்கு கஞ்சத்தனம் பாக்காதீங்க. வளைவுக்கு ஒரு ரூபா காசை எடுத்து டிப்புக்கு பின்னாடி நிறுத்தி வெளிச்சத்துல பாருங்க, பூலுக்கு அந்த வட்டத்தோட வளைவு கிட்டத்தட்ட சரியா இருக்கும். கடைசியா ஓரத்துல துளி எச்சில் தடவி ஒரு பழைய தோல் துண்டால சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு விடுங்க, ஓரம் கருப்பா பளபளன்னு இறுகிடும்.

குத்துற டைப் டிப் டூல் ஒண்ணு விப்பாங்க, முள்ளு முள்ளா இருக்கும், அதை லேயர்டுல ஓங்கி குத்துனா லேயரே ஓட்டையாகி பிரியும், லேசா அழுத்தி உருட்டுனா போதும். ஆடிட்டே இருக்கும்போது மேல் லேயர் செதில் மாதிரி பேந்து வந்தா பயப்படாதீங்க, அதை மட்டும் தேய்ச்சு எடுத்துட்டா அடியில புது லேயர் இருக்கும். ஆனா தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓரத்துல ஒரு ரூபா காசு கனம் தான் மிச்சம்னா மாத்திடுங்க, இல்லன்னா அடுத்த அடி ஃபெரூல்ல விழும், ஃபெரூல் மாத்துற செலவுல ரெண்டு டிப் வாங்கிடலாம்.